அருமண் சேர்மத்தின் காந்த அமைப்பு: தூளா, ஒற்றைப் படிகமா, நியூட்ரானா, எக்ஸ்-கதிரா?

வில் உலையில் உருக்கி, குவார்ட்ஸ் குழாயில் அடைத்து நாள்கணக்கில் பதப்படுத்தி, புதிதாக ஓர் அருமண் (லாந்தனைடு வரிசைத் தனிமம்) உலோகிடைச் சேர்மம் செய்துவிட்டீர்கள். எக்ஸ்-கதிர் தூள் படம் சுத்தமாக இருக்கிறது. காந்த ஏற்புத்திறன் வளைவில் ஏதோ ஒரு வெப்பநிலையில் கூர்மையான முகடு தெரிகிறது. எதிர் ஃபெர்ரோ காந்தம் (அண்டைக் காந்தங்கள் எதிரெதிராக நிற்பது) என்று சொல்லிவிடலாம். சரி, உள்ளே அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள், அதாவது ஒவ்வோர் அணுவிலும் உள்ள குட்டிக் காந்தங்கள், எந்தத் திசையில், எந்த ஒழுங்கில் அடுக்கியிருக்கின்றன? அதை எந்தச் சோதனையால் கண்டுபிடிப்பது? இந்த இடத்தில்தான் ஆய்வு மாணவர்கள் பலர் மாதக்கணக்கில் தயங்கி நிற்கிறார்கள்.

"நியூட்ரான்தான், இதில் என்ன சந்தேகம்?" என்று பாடப்புத்தகம் சொல்லும். 1949-ல் ஷல், ஸ்மார்ட் இருவரும் மாங்கனீஸ் ஆக்சைடில் எதிரெதிர் அடுக்கை நியூட்ரான் கற்றையின் சிதறலால் காட்டியதிலிருந்து அதுதான் ராஜபாட்டை. ஆனால் அருமண் வரிசையில் அந்தப் பாட்டை நடுவில் இரண்டு மூன்று இடங்களில் அறுந்து கிடக்கிறது. உங்கள் சேர்மத்தில் இருப்பது ஹோல்மியமா, கடோலினியமா என்பதைப் பொறுத்தே வழி மாறும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

என் வரிசை இது. முதலாவது, சேர்மத்திலுள்ள தனிமங்கள் நியூட்ரானை எவ்வளவு விழுங்கும் என்பது. இரண்டாவது, கையில் இருப்பது தூளா, படிகமா, எவ்வளவு எடை. மூன்றாவது, திருப்புத்திறன் எவ்வளவு பெரியது. நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: உங்களுக்கு உண்மையில் என்ன தெரிய வேண்டும்? அடுக்கு திரும்பத் திரும்ப வரும் இடைவெளியைச் சொல்லும் கே வெக்டர் மட்டும் போதுமா? திருப்புத்திறனின் அளவு வேண்டுமா? திசை வேண்டுமா? ஒரே கே வெக்டரா, பல கே வெக்டர்கள் ஒன்றுகூடிய அமைப்பா என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டுமா? இவை நான்கும் தனித்தனிக் கேள்விகள். ஒரே சோதனை நான்குக்கும் பதில் தருவது அபூர்வம். கடைசி அளவுகோல் காத்திருப்பும் வெளியில் தெரியாத செலவும்.

முதல் அளவுகோலுக்கும் மூன்றாவதற்கும் எண்களே பேசட்டும். உட்கவர்தல் (நியூட்ரானை விழுங்கும் அளவு) 1.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்துக்கு, இயற்கையில் கிடைக்கும் ஐசோடோப்புக் கலவைக்கு, பார்ன் என்ற பரப்பு அலகில் உள்ளது. திருப்புத்திறன் போர் மேக்னெட்டான் என்ற காந்த அலகில், தனி அயனிக்குரிய உச்ச அளவு.

| தனிமம் | உட்கவர்தல் | திருப்புத்திறன் |
|---|---|---|
| சீரியம் | 0.63 | 2.14 |
| பிரசியோடிமியம் | 11.5 | 3.2 |
| நியோடிமியம் | 50.5 | 3.27 |
| சமேரியம் | 5,922 | 0.71 |
| யூரோப்பியம் (இரு இணைதிறன்) | 4,530 | 7 |
| கடோலினியம் | 49,700 | 7 |
| டெர்பியம் | 23.4 | 9 |
| டிஸ்ப்ரோசியம் | 994 | 10 |
| ஹோல்மியம் | 64.7 | 10 |
| எர்பியம் | 159 | 9 |
| தூலியம் | 100 | 7 |
| இட்டெர்பியம் | 34.8 | 4 |

டெர்பியம், ஹோல்மியம், எர்பியம் வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். பெரிய திருப்புத்திறன், குறைந்த உட்கவர்தல். சமேரியத்தைப் பாருங்கள்: நியூட்ரானையும் விழுங்குகிறது, காந்தச் சமிக்ஞையும் இத்தனூண்டு. இரண்டு பக்கமும் இடி.

அருமண்ணை மட்டும் பார்த்தால் போதாது. போரான் 767 பார்ன், காட்மியம் 2,520, இரிடியம் 425, இண்டியம் 194, ரோடியம் 145. சீரியம்-ரோடியம்-இண்டியம் சேர்மத்தில் சீரியம் அப்பாவி, வில்லன்கள் மற்ற இருவர். போரானுக்கு மட்டும் சுலபமான மாற்று உண்டு. போரான்-11 ஐசோடோப்பை வாங்கிச் செய்தால் உட்கவர்தல் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். இதை, மாதிரியைச் செய்வதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். செய்து முடித்த பிறகு தெரிந்தால் மொத்தமும் மறுபடி உருக்க வேண்டியதுதான்.

## ஆய்வகத்திலேயே எவ்வளவு தூரம் போகலாம்

காந்தமானியும் வெப்ப ஏற்புத்திறன் கருவியும் உங்கள் துறையிலோ பக்கத்து நிறுவனத்திலோ இருக்கும். சில பத்து மில்லிகிராம் போதும். பலர் இதை வெறும் முன்னோட்டமாக நினைக்கிறார்கள். நல்ல அளவீடாக இருந்தால் பாதிக் கதையை இதுவே சொல்லிவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் கடோலினியத்தினுடையது. கடோலினியத்தின் 4எஃப் கூட்டில் சுற்றுப்பாதைக் கோண உந்தம் பூஜ்யம். அதனால் படிகப் புலத்தின் (சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம்) தொல்லை கிட்டத்தட்ட இல்லை. ப்ளாங்கோ, ஜினியூ, ஷ்மிட் மூவரும் 1991-ல் கணக்கிட்டுக் காட்டியபடி, எல்லா அணுவிலும் திருப்புத்திறன் சம அளவில் இருந்தால் ஒழுங்கு வெப்பநிலையில் (காந்த ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலை) வெப்ப ஏற்புத்திறன் மோலுக்கு 20.15 ஜூல்/கெல்வின் தாவ வேண்டும். அணுவுக்கு அணு அளவு கூடிக் குறையும் சைன் அலை அமைப்பாக இருந்தால் தாவல் அதில் மூன்றில் இரண்டு பங்கு, 13.4 மட்டுமே. அணு உலைக்கும் போகாமல், சிங்க்ரோட்ரான் எக்ஸ்-கதிர் மையத்துக்கும் போகாமல், சம அளவில் திசை மட்டும் சுழலும் சுருளா, சைன் அலையா என்று ஊகிக்க இது போதும். இரு இணைதிறன் யூரோப்பியம் நீங்கலாக மற்ற காந்த அருமண்களில் படிகப் புலம் மட்டங்களைக் கலைத்துவிடுவதால் இந்தக் கணக்கை அப்படியே பயன்படுத்த முடியாது.

ஒற்றைப் படிகம் இருந்தால் ஒவ்வொரு அச்சிலும் காந்த ஏற்புத்திறனை அளந்து, திருப்புத்திறன் எந்த அச்சோடு ஒட்டி நிற்கிறது என்று ஓரளவு சொல்லலாம். கே வெக்டர் மட்டும் கிடைக்காது. கியூரி-வைஸ் வெப்பநிலையின் (உயர் வெப்பநிலைக் காந்த ஏற்புத்திறன் வளைவிலிருந்து பெறும் எண்) குறியை வைத்து அமைப்பை ஊகிப்பதும் ஆபத்து. யூரோப்பியம்-இரும்பு-ஆர்செனிக் 1-2-2 விகிதச் சேர்மத்தில் அது நேர்க்குறி, ஃபெர்ரோ காந்தம் போலத் தோன்றும். உண்மையில் 19 கெல்வினுக்குக் கீழே யூரோப்பியம் தளங்கள் ஒவ்வொன்றும் உள்ளே ஃபெர்ரோ, அடுத்தடுத்த தளங்கள் எதிரெதிர்.

மறைச்செலவு மாசுதான். யூரோப்பியம் சேர்மத்தில் 69 கெல்வினில் சின்ன ஏற்றம் தெரிந்தால் புதுக் கண்டுபிடிப்பு என்று குதிக்க வேண்டாம், அது பெரும்பாலும் யூரோப்பியம் ஆக்சைடு. உருகிய இண்டியத்திலோ வெள்ளீயத்திலோ வளர்த்த படிகத்தில் 3.4 அல்லது 3.7 கெல்வினில் மின்தடை சறுக்கினால் அது ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த உலோகத்தின் மீக்கடத்தல்.

## தூள் நியூட்ரான் டிஃப்ராக்‌ஷன்

பெரும்பாலானோருக்கு முதல் தேர்வாக நான் சொல்வது இதுதான்: தூளில் நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சி, எந்தக் கோணங்களில் சிதறல் உச்சங்கள் வருகின்றன என்று பார்ப்பது. படிகம் வளர்க்க வேண்டாம். சில கிராம் தூள் போதும். வெனேடியம் உருளையில் அடைத்துக் குளிர்வித்து, ஒழுங்கு வெப்பநிலைக்கு மேலே ஒரு படம், கீழே ஒரு படம். இரண்டையும் கழித்தால் மிஞ்சும் உச்சங்கள் காந்தத்தினுடையவை. அவற்றின் இடத்திலிருந்து கே வெக்டர் கிடைக்கும். உயரத்தை அணுக்கரு உச்சங்களோடு ஒப்பிட்டால் திருப்புத்திறனின் அளவு போர் மேக்னெட்டானிலேயே வந்துவிடும். அந்த அளவை இவ்வளவு நேரடியாகத் தரும் வேறு சோதனை இல்லை. ஃபுல்ப்ராஃப், ஜிசாஸ், ஜானா எல்லாம் இலவச மென்பொருள்கள். சமச்சீர் ஆய்வுக்கு பில்பாவோ படிகவியல் தளம் இருக்கிறது. 1,651 காந்த வெளிக்குழுக்களில் (சமச்சீர் வகைகளில்) உங்கள் சேர்மத்துக்குப் பொருந்தக்கூடியவற்றை அது வடிகட்டித் தந்துவிடும்.

படிக அமைப்புக்கும் இது பெரிய பலம். எக்ஸ்-கதிருக்கு இரும்பும் கோபால்ட்டும் இரட்டைப் பிள்ளைகள். நியூட்ரானுக்கோ சிதறல் நீளம் 9.45-க்கு 2.49 ஃபெம்டோமீட்டர், பளிச்சென்று தெரியும். மாங்கனீஸுக்கு எதிர்க்குறியே உண்டு. எந்தத் தளத்தில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை என்றால் நியூட்ரான் இல்லாமல் வேலை நடக்காது. நியோடிமியம்-இரும்பு-போரான் நிரந்தரக் காந்தத்தின் அமைப்பை 1984-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தின் ஹெர்ப்ஸ்ட் குழு தூள் நியூட்ரானால்தான் தீர்த்தது. அலகுக்கூட்டில் 68 அணுக்கள், நியோடிமியத்துக்கு இரண்டு வகைத் தளங்கள், இரும்புக்கு ஆறு. அவ்வளவு சிக்கலையும் தூளே தாங்கியது. அலுமினியம்-சிலிக்கன் கலப்பு மட்டும் எக்ஸ்-கதிருக்கும் நியூட்ரானுக்கும் சேர்ந்தே கண்ணாமூச்சி காட்டும்.

இனி குறை. தூளில் எல்லாத் திசைகளும் கலந்துவிடுவதால், கனசதுரப் படிகத்தில் திருப்புத்திறனின் திசையே தெரியாது. நாற்கோண, அறுகோணப் படிகங்களில் சி அச்சோடு எவ்வளவு சாய்வு என்பது மட்டும் தெரியும், தளத்துக்குள் எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஷிரானே 1959-லேயே இதைக் கணித முறையில் காட்டிவிட்டார். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது மாறாது. ஒற்றை கே, பல கே வேறுபாட்டுக்கும் தூள் ஊமை. சில சமயம் சைன் அலைக்கும் சுருளுக்கும்கூட ஒரே மாதிரி படம் வரும். பொருத்தம் அழகாக இருக்கிறது என்பதால் அமைப்பு சரி என்று ஆகிவிடாது. வேறு இரண்டு காந்த அமைப்புகளும் அதே அழகோடு பொருந்தக்கூடும். ஆய்வேட்டில் தேர்வாளர் கை வைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மறைச்செலவுகளில் கதிரியக்கம் பெரியது. கோபால்ட் உள்ள மாதிரி கோபால்ட்-60 ஆகிறது, அரை ஆயுள் 5.27 ஆண்டு. டெர்பியம்-160 என்றால் 72 நாள். உலைக்கு அனுப்பிய உங்கள் மாதிரி உடனே திரும்பி வராது, சில சமயம் வரவே வராது. அதே மாதிரியில் வேறு அளவீடு பாக்கி இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு அனுப்புங்கள்.

உலைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. கனடாவின் சாக் ரிவர் உலை 2018-ல் நின்றது. பிரான்சின் ஆர்ஃபே, பெர்லின் உலை இரண்டும் 2019-ல் மூடப்பட்டன. மிஞ்சியவற்றில் கூட்டம் அதிகம். இந்தியப் பல்கலைக்கழக மாணவருக்கு டிராம்பேயில் உள்ள 100 மெகாவாட் துருவா உலை பக்கத்து வழி, யுஜிசி-டிஏஇ கூட்டமைப்பு மூலம் விண்ணப்பிக்கலாம். பெரிய திருப்புத்திறனும் எளிய கே வெக்டரும் என்றால் அங்கேயே முடியும். மிகச் சிறிய திருப்புத்திறன், நுணுக்கமான துணை உச்சங்கள் என்றால் பிரான்சின் கிரெனோபிள், பிரிட்டனின் ஐசிஸ் போன்ற நியூட்ரான் மையங்களுக்குத்தான் போக வேண்டும்.

## கடோலினியம் இருந்தால் நியூட்ரானைக் கைவிடுவதா

உடனே வேண்டாம். மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கடோலினியம்-160 ஐசோடோப்பு. உட்கவர்தல் ஒரு பார்னுக்கும் கீழே, விலை மட்டும் மேலே. செறிவூட்டல் முழுமையாக இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் கடோலினியம்-157 ஐசோடோப்பின் இரண்டரை லட்சம் பார்ன் காரியத்தைக் கெடுக்கும். இரண்டு, அப்பளம் போல மெல்லிய படலமாகத் தூளைப் பெரிய சிலிக்கன் தட்டில் பரப்பி வைப்பது. ரயனும் கிரான்ஸ்விக்கும் சாக் ரிவரில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். செலவு குறைவு, ஆனால் ஒரு படத்துக்கு நீண்ட நேரம் எண்ண வேண்டும். மூன்று, 0.5 ஆங்ஸ்ட்ராம் போன்ற சூடான நியூட்ரான். அந்த அலைநீளத்தில் கடோலினியத்தின் பசி வெகுவாக அடங்கிவிடும். ஆனால் உச்சங்கள் சிறு கோணத்தில் நெருங்கிக்கொள்ளும், பிரித்தறிவது கடினம்.

மூன்றில் எதை என்றால், கே வெக்டர் எளியது என்று சந்தேகிக்கும்போது தட்டு முறை. பணம் இருந்து, ஒற்றைப் படிகமும் வளர்க்க முடிந்தால் ஐசோடோப்பு.

## ஒற்றைப் படிக நியூட்ரான்

சில மில்லிமீட்டர் பக்கமுள்ள நல்ல படிகம் இருந்தால் தூளில் ஊமையாக இருந்த கேள்விகள் பலவும் பேசத் தொடங்கும். தளத்துக்குள் திசை தெரியும். நலிந்த துணை உச்சங்கள் தெரியும். காந்தப் புலத்தையோ ஒரு பக்க அழுத்தத்தையோ கொடுத்து ஒற்றை கே, பல கே வழக்கையும் தீர்க்கலாம். தனித்தனி டொமைன்கள் (படிகத்துக்குள் வெவ்வேறு கே உள்ள பகுதிகள்) என்றால் புலத்தில் ஒன்று வளர்ந்து மற்றது தேயும். பல கே என்றால் எல்லா உச்சங்களும் சேர்ந்தே நிற்கும்.

விலை நேரம். படிக வளர்ப்புக்கே ஓராண்டு போகலாம். யூரோப்பியம், இட்டெர்பியம் போன்றவை கொதித்து ஆவியாகும், மூடிய டாண்டலம் குடுவை வேண்டும். சில சேர்மங்கள் உருகும்போதே சிதைந்துவிடும், அவற்றுக்கு உலோகக் குழம்பில் வளர்ப்பதே கதி. பகுப்பாய்வில் டொமைன் பங்கீடு, உட்கவர்தல் திருத்தம், எக்ஸ்டிங்ஷன் (நல்ல படிகத்தில் வலுவான உச்சங்கள் மங்குவது) மூன்றும் சேர்ந்து திருப்புத்திறனின் அளவைத் தள்ளாட வைக்கும். தூளில் வரும் எண்ணே இதைவிட நம்பகமாக இருப்பது உண்டு. அதனால் அளவைத் தூளிலும் திசையைப் படிகத்திலும் எடுப்பதுதான் நல்ல பழக்கம்.

## ஒத்ததிர்வு எக்ஸ்-கதிர் சிதறல்

எக்ஸ்-கதிர் காந்தத்தை மிக மிக மங்கலாகத்தான் பார்க்கும். 1988-ல் கிப்ஸும் சகாக்களும் ஹோல்மியத்தின் எல்3 உட்கவர் விளிம்பில் (உள்கூட்டு எலக்ட்ரானைக் கிளப்பும் ஆற்றல்), 8.07 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில், காந்தச் சிதறல் பல மடங்கு எகிறுவதைக் கண்டார்கள். அதன் பிறகு கதை மாறியது. அருமண்களின் எல் விளிம்புகள் எல்லாம் ஏறத்தாழ 5.5 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள்தான் விழுகின்றன. அந்த ஆற்றலில் அலைநீளம் அணு இடைவெளிக்குப் பொருத்தமானது. நியூட்ரானுக்குச் சனியாக இருந்த கடோலினியமும் யூரோப்பியமும் இங்கே செல்லப் பிள்ளைகள்.

இதைப் பளிச்சென்று காட்டுவது போரோகார்பைடு குடும்பம். 1994-ல் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தினர் இட்ரியம்-நிக்கல்-போரான்-கார்பன் கலவையில் சுமார் 12 கெல்வினில் மீக்கடத்தலை அறிவித்தார்கள். அதைத் தொடர்ந்து இட்ரியத்தின் இடத்தில் ஒவ்வோர் அருமண்ணாக வைத்துப் பார்த்தார்கள். படிக அமைப்பு ஒன்றேதான், நாற்கோணம். ஹோல்மியம் சேர்மம் 8 கெல்வின் அருகே மீக்கடத்தி ஆகும். 6 கெல்வினை ஒட்டி சி அச்சில் சுருளும் ஏ அச்சில் இன்னொரு அலையும் எழும். 5 கெல்வினுக்குக் கீழே சுருள் கலைந்து, ஃபெர்ரோ தளங்கள் எதிரெதிராக அடுக்கிக்கொள்ளும். இதையெல்லாம் நியூட்ரான் வெளிக்கொண்டு வந்தது. கடோலினியம் சேர்மத்தில் அதே கேள்விக்கு டெட்லெஃப்ஸும் சகாக்களும் 1996-ல் ஒத்ததிர்வு எக்ஸ்-கதிரைத்தான் எடுத்தார்கள். 20 கெல்வினுக்குச் சற்றுக் கீழே ஏ அச்சு வழியாக 0.55 என்ற, படிக அடுக்கோடு எளிய விகிதத்தில் பொருந்தாத கே வெக்டர். திருப்புத்திறன் முதலில் பி அச்சில், 14 கெல்வின் அருகில் சி அச்சிலும் ஒரு கூறு சேர்கிறது. படிகம் மாறவில்லை, ஒரே ஓர் அணு மாறியது, சோதனைச் சாலையே மாறிவிட்டது.

இன்றைக்கும் அப்படித்தான். கடோலினியம்-ருத்தேனியம்-சிலிக்கன் 1-2-2 சேர்மத்தில் 1.9 நானோமீட்டர் அளவே உள்ள ஸ்கிர்மியான் (காந்தச் சுழி) அடுக்கு 2020-ல் வெளிவந்தபோது, அதன் இரட்டை கே அமைப்பைக் காட்டியதில் ஒத்ததிர்வு எக்ஸ்-கதிருக்குப் பெரும் பங்கு.

சிறிய படிகம் போதும் என்பது இதன் கவர்ச்சி. ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள, நன்றாகப் பளபளப்பாக்கிய முகம் இருந்தால் வேலை நடக்கும். கே வெக்டரின் துல்லியமும் நியூட்ரானைவிட ஒரு படி மேல். எந்தத் தனிமத்தின் காந்தம் என்பதையும் ஆற்றலை மாற்றிப் பிரித்துவிடலாம்.

மறைச்செலவுகளும் அதே அளவுக்கு உண்டு. எல் விளிம்பில் நாம் பார்ப்பது 4எஃப் எலக்ட்ரானை அல்ல, அது கிளறிவிட்ட 5டி நிலையை. அதனால் திருப்புத்திறன் எத்தனை போர் மேக்னெட்டான் என்று கேட்டால் நம்பகமான எண் வராது. கற்றையே மாதிரியைச் சூடாக்கும், 2 கெல்வினுக்குக் கீழே போவது போராட்டம். மேற்பரப்பிலிருந்து சில மைக்ரான் ஆழம் மட்டுமே பேசும், சரியாகப் பளபளப்பாக்காத முகம் பொய் சொல்லும். கே வெக்டர் பூஜ்யமாக இருந்தால் காந்த உச்சம் மின்சுமை உச்சத்தின் அடியில் புதைந்துவிடும், அப்போது இந்த வழியை எடுக்காதீர்கள். தூள் மாதிரி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவாது.

## மோஸ்பவர், மியூவான்

மோஸ்பவர் அணுக்கரு உறிஞ்சும் காமா கதிரையும், மியூவான் முறை மாதிரிக்குள் செலுத்திய மியூவான் துகளையும் வைத்து உள்ளூர்க் காந்தப் புலத்தைப் பார்க்கும். இரண்டும் கே வெக்டரைத் தராது. ஆனால் வழக்கில் நல்ல சாட்சிகள். யூரோப்பியம்-151 மோஸ்பவர், இணைதிறன் இரண்டா மூன்றா என்பதை ஐயமின்றிச் சொல்லும். யூரோப்பியம் சேர்மத்தில் காந்த அமைப்பைத் தேடுவதற்கு முன்னால் இது கட்டாயம், ஏனென்றால் மூன்று என்றால் அடிநிலையில் காந்தமே கிடையாது. கடோலினியம்-155 மோஸ்பவரில் திருப்புத்திறன் சி அச்சோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்கலாம், சில நூறு மில்லிகிராம் தூள் போதும். எல்லா அணுக்களும் சம திருப்புத்திறன் உடையவையா என்ற கேள்விக்கும் இங்கே பதில் உண்டு. மியூவான் மிகச் சிறிய திருப்புத்திறனுக்கும், மாதிரியில் எத்தனை சதவீதம் ஒழுங்கானது என்ற கேள்விக்கும் நல்லது.

## யாருக்கு எது

டெர்பியம், ஹோல்மியம், எர்பியம், நியோடிமியம், பிரசியோடிமியம் வைத்திருப்பவர்கள் தூள் நியூட்ரானில் தொடங்குங்கள். வேறு யோசனை வேண்டாம். டிஸ்ப்ரோசியம் எல்லைக்கோட்டில் நிற்கும், 10 போர் மேக்னெட்டான் காப்பாற்றும். உருளைக்குப் பதில் நடுவில் வெற்றிடமுள்ள வளைய உருளை எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம். சீரியத்தில் உட்கவர்தல் பிரச்சினை இல்லை. ஆனால் கான்டோ விளைவு (கடத்தும் எலக்ட்ரான்கள் அணுவின் காந்தத்தை மறைப்பது) திருப்புத்திறனைத் தேய்த்திருக்கலாம், ஆகவே காந்தமானி எண்ணைப் பார்த்து அரை போர் மேக்னெட்டானுக்குக் கீழே என்று தெரிந்தால் நேராக ஒற்றைப் படிகத்துக்குப் போங்கள்.

கடோலினியமும் சிறு படிகமும் இருந்தால் ஒத்ததிர்வு எக்ஸ்-கதிர். கடோலினியமும் தூளும் மட்டும் என்றால் தட்டு முறையோடு வெப்ப ஏற்புத்திறனும் மோஸ்பவரும். யூரோப்பியத்துக்கு நிலைமை கொஞ்சம் தளர்வு. மேலே சொன்ன 1-2-2 ஆர்செனைடின் அமைப்பை 2009-ல் ஒரு குழு ஒத்ததிர்வு எக்ஸ்-கதிராலும் இன்னொரு குழு ஒற்றைப் படிக நியூட்ரானாலும் தீர்த்து, இருவரும் ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள். கையில் எந்த பீம் டைம் (கருவியில் ஒதுக்கும் நேரம்) முதலில் கிடைக்கிறதோ அதை எடுங்கள். சமேரியத்துக்கு, சமேரியம்-154 ஐசோடோப்புக்குப் பணம் இல்லாவிட்டால், எக்ஸ்-கதிர் மட்டுமே நடைமுறை.

கனசதுரப் படிகமாக இருந்து, பல கே அமைப்பு என்று வாதாடப் போகிறீர்கள் என்றால் தூள் தரவை மட்டும் வைத்துக் கட்டுரை அனுப்பாதீர்கள். தூள் நியூட்ரான் நேரத்துக்கு விண்ணப்பிக்கும் அதே பருவத்தில் படிக வளர்ப்பையும் தொடங்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் மாதிரியின் உட்கவர்தல் கணக்கை, உருளையின் விட்டத்தோடு சேர்த்து, ஒரு வரியில் எழுதுங்கள். மதிப்பீட்டாளர் முதலில் தேடுவது அதைத்தான்.